மூன்றாவது ஜாடி

மல்லெட் க்ரீக்
மே 5, 2023

மெர்வ்,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி. தபால்பெட்டிக்கு ஆள் பார்த்து வாயை மூடிக்கொள்ளத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். தடித்த பேனாவில் பெரிது பெரிதாக எழுதுகிறேன். கண் தெரியவில்லை, படிக்கவில்லை என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது.

ஊர் உனக்கு எப்படிச் சொல்லியதோ தெரியாது. நடந்தது இதுதான். போன சனிக்கிழமை நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிற உண்ணிக் கணக்கை எடுத்தேன். எல்லாரும் செய்வதுபோலத்தான் செய்தேன். தேனடைச் சட்டத்திலிருந்து அரைக் கப் தேனீயை ஜாடிக்குள் உதறி, ஸ்பிரிட் ஊற்றி, வலைமூடி போட்டு நன்றாகக் குலுக்கி, அடியில் என்ன விழுகிறது என்று பார்த்தேன். எட்டுப் பெட்டியில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதில் ஒன்று விழுந்தது. ஒரே ஓர் உண்ணி. செம்பழுப்பு நிறம், ஊசித்தலை அளவு. மெழுகுத் துணுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்தால் கால் தெரிகிறது.

உடனே வேளாண் துறைக்குப் போன் போட்டேன். உனக்கு முதலில் சொல்லவில்லை என்பதுதானே உன் கோபம். சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை. அதனால்தான் கூப்பிடவில்லை.

அந்த அதிகாரிப் பெண் என் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து வட்டம் போட்டாள். பத்து கிலோமீட்டர். அதற்குள் இருக்கிற எல்லாத் தேனீயும் சாக வேண்டும், உண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கோடு சாமில் ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என் தம்பியோட பெட்டி இருநூறு அங்க இருக்கும்மா. அவன் பெண்டாட்டி வளர்த்த ராணி வம்சம். அவளும் இப்ப இல்ல" என்றேன். "மன்னிச்சுக்கோங்க நோரீன்" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

பெவ்வின் தேனீக்கள் என்றால் உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா. துறை ஆட்கள் கொல்ல வருகிற சாயங்காலம் நீ தனியாக நிற்க வேண்டாம், நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். பேச வேண்டியதில்லை. நின்றால் போதும்.

கண்ணையும் போய்க் காட்டு. இரண்டு வருடமாகச் சொல்கிறேன். பாதை மனப்பாடம் என்பதால்தான் நீ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறாய்.

நோரீன்


சாமில் ரோடு
மே 19

நோரீன்,

நீ வராததே நல்லது.

இரண்டு சாயங்காலம் ஆனது. மேய்ச்சலுக்குப் போனதெல்லாம் வீடு திரும்பட்டும் என்று வெள்ளை உடுப்பில் வேலியோரம் காத்திருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் வாசலை அடைத்து, மேல்மூடியைத் தூக்கி, பெட்டிக்கு ஒரு குவளை பெட்ரோல். ஊற்றியதும் ஓர் இரைச்சல் எழும்பும், அப்புறம் அடங்கிவிடும். அடுத்த பெட்டி. இரைச்சல், அப்புறம் ஒன்றும் இல்லை. இருநூற்றுக்கும் நான் பக்கத்தில் நின்றேன். பெவ்வின் தேனீ கையுறை இல்லாமல் தூக்கினாலும் கொட்டாது, உனக்கே தெரியும். அன்றைக்கும் ஒன்றும் கொட்டவில்லை.

"சாகடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணியாவது பாருங்கப்பா, என்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். "எப்படியும் சாகப்போறதை எதுக்கு மெர்வ் எண்ணணும்" என்றான் ஒருத்தன். பேச்சில் மரியாதை இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரியில் என் கையால் எண்ணினேன். பத்துப் பெட்டிக்கு ஒன்று என்று எடுத்து, வெயிலில் வைத்துப் பார்த்து, துறைக்கு எழுதிக் கொடுத்தேன். பூஜ்யம். சுத்தமான இருநூறு பெட்டி உன் கொல்லைப்புறத்து ஒரே ஓர் உண்ணிக்காகச் செத்தது. கட்டைவிரலால் நசுக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருக்கலாம் நீ. யார் கேட்கப் போகிறார்கள்?

அது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். போன வசந்தத்தில் கேரவன் பார்க்கிலிருந்து ஒரு நாடோடித் தேனீக் கூட்டத்தைப் பிடித்துவந்து பெட்டியில் வைத்தாயே, அதில்தான் வந்தது. வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய். மடி உன்னுடையது, கடி எனக்கு.

கண்ணைப் பற்றி இன்னொரு தடவை எழுதாதே. நல்லாத் தெரிகிறது. வேறு எதைப் பற்றியும் எழுதாதே.

மெர்வின் ப்ரிட்சர்ட்


மல்லெட் க்ரீக்
ஜூன் 7

மெர்வ்,

அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து. பாங்குக்கு எழுதுவதாக நினைத்தாயோ.

நீ எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்றுக் கடையில் கோலின் சொன்னான், உன் வண்டி கேட் தூணில் மோதி மூன்று விலா எலும்பு போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று. முப்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிற தூண். உன் கண் நல்லாத் தெரிகிறது, தூண்தான் குறுக்கே வந்திருக்கும்.

அந்தக் கேரவன் பார்க் தேனீக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் மேல் பழி வரட்டும், பொய்ப் பழி வரவேண்டாம். அந்தக் கூட்டம் இரண்டாவது பெட்டியில் இருந்தது. இரண்டாவது சுத்தம். உண்ணி விழுந்தது ஒன்பதாவதில். ஒன்பதாவது நீ கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பெட்டி, ரிப்பன் கூடக் கட்டியிருந்தாயே. உன்னைச் சொல்லவில்லை. உன் கணக்கு பூஜ்யம் என்று எனக்குத் தெரியும். தேனீ ஒரு பெட்டி விட்டு இன்னொரு பெட்டிக்குத் தவறிப் போகும், அப்படி எப்படியோ போயிருக்கும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. தேனீ வளர்ப்பவர்களின் மாதக் கூட்டத்தில் இப்போதே என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் அந்த டாம்சின் பெண் இருக்கிறாளே, உன்னிடம் பிப்ரவரியில் இருபது பெட்டி வாங்கினவள், வழியில் பிடித்துக்கொண்டாள். "மெர்வ்கிட்ட வாங்கினதுல எதுவும் இருக்குமா ஆன்ட்டி? எனக்குத் தூக்கமே வரல" என்றாள். அவள் இடம் வட்டத்துக்கு வெளியே, யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. "மெர்வ் எண்ணி பூஜ்யம்னு எழுதிக் கொடுத்தது. கண்ணை மூடிட்டுத் தூங்கு" என்றேன்.

உன் நாய்க்கு யார் சோறு போடுகிறார்கள்? சாவி எங்கே?

நோரீன்


மாவட்ட ஆஸ்பத்திரி, வார்டு 2
ஜூன் 11

நோரீன்,

நர்ஸ் பேனா கொடுத்தாள். கோணல்மாணலாக இருந்தால் விலா எலும்பைத் திட்டு.

சாவி பின்வாசலில், தேனீக்குப் புகை போடும் டப்பாவுக்கு அடியில். ஸ்மோக்கிக்குக் காலையில் ஒரு டின், சாயங்காலம் அரை. கெஞ்சுகிற மாதிரிப் பார்ப்பான், ஏமாறாதே. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு. வீட்டைப் பெருக்கிக் கூட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

கொட்டகையில் ஜன்னலுக்குக் கீழே அலமாரியில் ஜாடிகள் இருக்கும். தொடாதே. பெவ் ஒரு வழக்கம் வைத்திருந்தாள், உனக்குத் தெரியாது. மற்றவர்கள் எண்ணி முடித்ததும் செத்த தேனீயைப் புல்லில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் கொட்டமாட்டாள். "மத்ததெல்லாம் நல்லா இருக்கான்னு பார்க்க இந்த முந்நூறு செத்திருக்கு மெர்வ். அடுத்த எண்ணிக்கை வரைக்குமாவது ஒரு இடத்துல இருக்கட்டும்" என்பாள். ஜாடியோடு, ஸ்பிரிட்டோடு அப்படியே அலமாரியில் வைத்து, அடுத்த தடவை எண்ணும்போது பழையதை எலுமிச்சை மரத்தடியில் புதைப்பாள். அவள் போன பிறகு நானும் விடவில்லை. அங்கே இருப்பது பிப்ரவரியில் எடுத்தவை. பெவ்வின் தேனீ என்று இனி உலகத்தில் இருப்பது அவ்வளவுதான், டாம்சினிடம் இருக்கும் இருபது பெட்டியைத் தவிர. அந்த இருபதை நினைத்தால்தான் இராத்திரி தூக்கம் வருகிறது. அந்தப் பெண் கெட்டிக்காரி. அவளிடமிருந்து ஒரு ராணியை வாங்கி, காலம் சரியானதும் மறுபடி ஆரம்பிக்கலாம்.

இங்கே ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய்.

மெர்வ்


மல்லெட் க்ரீக்
ஜூன் 20

அன்புள்ள மெர்வ்,

ஸ்மோக்கி நன்றாக இருக்கிறான். கெஞ்சினான், ஏமாந்தேன், இரண்டு டின் போட்டேன். உன் ஓடையோரத்து வேலியில் ஒரு கம்பி அறுந்திருந்தது, கோலினிடம் சொல்லிக் கட்டச் சொன்னேன். சமையலறையில் ஈரம் ஏறிக் கிடந்த மாவைக் கொட்டிவிட்டேன். பெருக்காதே என்றாய், பெருக்கினேன்.

கொட்டகைக்குள்ளும் போனேன். தொடாதே என்று எழுதியிருந்தாய், ஆனால் ஜாடிகளின் மேல் தூசி விரல்கடை உயரத்துக்கு இருந்தது. பெவ் பார்த்தால் என்னைத்தான் ஏசுவாள். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மூன்றாவதைத் துடைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அப்புறம் வெளியே வந்து உன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்மோக்கியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

மெர்வ், நிறைய யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அந்தக் கேரவன் பார்க் கூட்டத்தில்தான் வந்திருக்கும். இரண்டாவது, ஒன்பதாவது என்று நான் வக்கீல் மாதிரிப் பேசியதெல்லாம் வீண் பேச்சு. எங்கே கிடந்ததோ, யார் பார்த்தார்களோ, ஒரு சோதனையும் இல்லாமல் கொண்டுவந்து வைத்தது நான். என்னால்தான் உன் தேனீ செத்தது. பெவ்வின் தேனீ செத்தது. மன்னித்துக்கொள்.

கண் விஷயமாக இனி நச்சரிக்கமாட்டேன். வயசானால் எல்லாருக்கும் மங்கும். கத்தி வைப்பதற்கெல்லாம் அவசரமில்லை. வண்டி ஓட்ட வேண்டிய இடத்துக்கு நான் ஓட்டுகிறேன்.

உன் அக்கா
நோரீன்


சாமில் ரோடு
ஜூலை 14

நோரீன்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்மோக்கி பீப்பாய் மாதிரி இருக்கிறான். அதற்கு நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் உன் வாயாலேயே வந்ததே. நான் சொன்னபோது பெரிய நியாயம் பேசினாய். இரண்டு மாதம் பிடித்தது உனக்கு. ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அறுபது வருஷம் வளர்த்தவன் கவனிக்காமல் விட்டிருப்பானோ என்கிற பார்வை. அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது.

அதனால் போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் உன் கடிதத்தைச் செயலாளர் க்ளெண்டாவிடம் கொடுத்து எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். என்னால்தான் உன் தேனீ செத்தது என்கிற இடம் வரைக்கும். மற்றது நம் குடும்ப விஷயம், அதை வாசிக்கவில்லை. அப்புறம் கோலின் வந்து என் தோளில் கையை வைத்தான். நீ அன்றைக்கு வராதது நல்லதாயிற்று.

செப்டம்பர் 4 வலது கண்ணுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்யாவிட்டால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களாம். நீ வேண்டாம் என்று எழுதிய பிறகுதான் எனக்குச் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது, சிறு வயதிலிருந்தே நான் அப்படித்தானே.

மெர்வ்


மல்லெட் க்ரீக்
ஆகஸ்ட் 29

மெர்வ்,

வாசிக்கச் சொன்னாய் என்று நீ எழுதுவதற்கு முன்பே நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் ஆகஸ்ட் கூட்டத்துக்குப் போனேன். என் வரிசையில் நான் மட்டும். பிஸ்கட் தட்டு முன்வரிசையிலிருந்து அப்படியே என்னைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனது. யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாம்சினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். போன வாரம் அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஒரு ஜாடியிலேயே நாற்பதுக்கு மேல். அவளுடையது மட்டும் இல்லை, அக்கரையில் அவளைச் சுற்றி இருக்கிற ஐந்தாறு பேரிடமும் இருக்கிறது. புதிதாக இன்னொரு வட்டம் போட்டுவிட்டார்கள். இருபதும் போய்விட்டது மெர்வ். இதை உனக்கு முதலில் எழுத வேண்டியவள் நானாக இருப்பதற்கு வருந்துகிறேன்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தாள். என் படிக்கட்டில் உட்கார்ந்து, "நான் என்ன ஆன்ட்டி தப்புப் பண்ணேன்? எல்லாம் சொன்ன மாதிரிதானே பண்ணேன்" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. நான் டீ போட்டுக் கொடுத்தேன். பழக்கேக் இருந்தது, அதையும் கொடுத்தேன். "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. உன் கொட்டகை ஜாடிகளுக்கு அடுத்த எண்ணிக்கை என்று ஒன்று இனி வரப்போவதில்லை. பெவ் இருந்திருந்தால் ஜூன் மாதமே புதைத்திருப்பாள். நீ ஆபரேஷனுக்குப் போகிற அன்று நான் வந்து எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிடுகிறேன். குனிந்து தோண்டுகிற வேலை உன் விலாவுக்கும் கண்ணுக்கும் ஆகாது.

நோரீன்


சாமில் ரோடு
செப்டம்பர் 2

நோரீன்,

இருபதும் போய்விட்டது என்று நீ எழுதிய வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதுவும் செய்யவில்லை. ஸ்மோக்கிக்குச் சோறு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

உன் உண்ணி ஆற்றையும் தாண்டிவிட்டது. இதுதான் நடந்திருக்கிறது. நான் சுத்தமாகக் கொடுத்த பெட்டியில் போய் ஏறியிருக்கிறது. அந்தப் பெண் உன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள் என்கிறாய், யாரிடம் வந்து அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஜாடியைத் தொடாதே. இது இரண்டாம் தடவை சொல்வது. பெவ்வுக்கு இனி நான் செய்வதற்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். என் கையால், என் கண்ணால் பார்த்துப் புதைப்பேன்.

மெர்வ்


சாமில் ரோடு
செப்டம்பர் 24

நோரீன்,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன்.

கண்கட்டை அவிழ்த்த அன்று கோலின்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தது, கூசுகிற அளவுக்கு. சமையலறைக் கூரையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்மோக்கியின் மூஞ்சி நரைத்துவிட்டது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. பெவ்வின் போட்டோவில் அவள் கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம். அதை மறந்தே போயிருந்தேன். பிளம் மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. கிட்டே போய் நின்றேன். ஒரு தேனீயின் சத்தம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை வானொலியில் சொன்னார்கள், நீயும் கேட்டிருப்பாய். இனி ஒழிக்க முடியாதாம். அவரவர் எண்ணிக்கொண்டு, மருந்து போட்டுக்கொண்டு, உண்ணியோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதாம். கொன்றதெல்லாம் கொன்றதுதான். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

முதல் ஜாடி, இரண்டாவது ஜாடி, சரி. மூன்றாவதைத் தூக்கினேன். ஸ்பிரிட் டீ நிறத்துக்கு வந்திருக்கிறது. வலைக்கு மேலே தேனீ, கீழே அடியில் மணல் மாதிரி ஏதோ. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். மணல் இல்லை.

பதினொன்று நோரீன். ஐந்து தடவை எண்ணினேன். எண்ண எண்ணக் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. மூடியில் என் கையெழுத்தில் பிப்ரவரி என்று இருக்கிறது. இந்த ஜாடியைத்தான் வெயிலில் பிடித்துப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் டாம்சினுக்கு இருபது பெட்டி கொடுத்தேன். உனக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தது அதற்கும் முந்தி. உன் ஒன்று என் பதினொன்றிலிருந்து வந்தது. ஆற்றைத் தாண்டியது என் உண்ணி.

அப்புறம்தான் ஜாடி துடைத்துச் சுத்தமாக இருப்பதைப் பார்த்தேன். உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாவதைத் துடைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதே கடிதத்தில்தான் எல்லாம் என்னால் என்று எழுதியிருந்தாய். கண்ணுக்கு அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத்தான் நான் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னேன்.

ஏன் அந்த ஜாடியைக் கொட்டவில்லை? யாருக்குத் தெரிந்திருக்கும்? தவறி உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தால் கத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

வருகிற வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. ஜாடியைக் கொண்டுபோகிறேன். டாம்சினையும் வரச் சொல்லியிருக்கிறேன். நடந்ததை எழுதி, எழுந்து நின்று நானே வாசிக்கிறேன், க்ளெண்டா வேண்டாம். இப்போது எனக்கு எழுத்து தெரிகிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான்கு தடவை கிழித்திருக்கமாட்டேன்.

மெர்வ்


மல்லெட் க்ரீக்
செப்டம்பர் 26

மெர்வ்,

இரண்டு தடவை கொட்டப் போனேன். இரண்டாவது தடவை மூடியைத் திறந்தும்விட்டேன். உள்ளே மேலாகக் கிடந்தது ஒன்று, பெவ்வின் தேனீதான், அந்த வெளிர் மஞ்சள் வயிறு. நீ எழுதியிருந்தாய், உலகத்தில் இருப்பது அவ்வளவுதான் என்று. மூடிவிட்டேன்.

என்னைப் பெரிய தியாகி ஆக்கிவிடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் பெட்டியில் ஒன்றைப் பார்த்ததும் போனை எடுத்தேன். உன் ஜாடியில் பதினொன்றைப் பார்த்தேன், எடுக்கவில்லை. உன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு டாம்சின் ஞாபகம் வந்துவிட்டது மெர்வ். அவளிடம் போன உன் இருபது பெட்டியும் ஞாபகம் வந்தது. சொன்னால் பொய்க் கணக்குக் கொடுத்தவன் என்று உன் பெயரை நாறடித்துவிடுவார்கள், பெவ்வின் கடைசி இருபதையும் என் வாயால் கொன்றதாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு தடவை உன்னைக் கொன்றது போதும் என்று தோன்றியது. அப்போதே சொல்லியிருந்தால் அவள் பெட்டியோடு நின்றிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில்தான் அக்கரை முழுக்கப் போனது. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தபோது எல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன். உனக்குக் கண் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அதனால் உன்னுடையதை மட்டும் வாசிக்காதே. இதையும் வாசி. என் பெயரைச் சொல்லி, முதலிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசி. வேண்டியவரை வாசித்து மிச்சத்தை மடித்து வைக்கிற வேலை வேண்டாம்.

முடிந்ததும் ஜாடியை உன் எலுமிச்சை மரத்தடிக்குக் கொண்டுபோவோம். குழியை நான் தோண்டுகிறேன்.

வியாழக்கிழமை நானும் வருகிறேன். வாசித்து முடித்ததும் எங்கே உட்காருவது என்று நீ தேட வேண்டாம். என் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கும்.

நோரீன்